இரைச்சலுக்குள் என்னைக் கேட்ட அண்ணாச்சிக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கும், வெள்ளத்தின்போது ஏரலில் நாங்கள் மாடியில் ஒதுங்கிக் கிடந்த நாட்களில் உதவிய அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்தாருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் இன்னும் சேற்றுக்கோடு ஈரமாக இருக்கிறது. இன்று மாலைதான் மின்சாரம் வந்தது. வந்த கையோடு இந்த மடலை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது 5 வாட் ரேடியோ கைக்கருவி ஒன்றுதான். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கைப்பேசியும், எங்கள் பேச்சை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும் அடங்கிப்போன பிறகு, 2 மீட்டர் அலைவரிசையில் நேரடியாக அழைத்துப் பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணாச்சி பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் பேச்சுதான் அவரை எட்டவில்லை. அவரிடம் 50 வாட் கருவியும் உயரத்தில் கட்டிய ஆன்டெனாவும் இருந்தன; என்னிடம் விரல் நீள ரப்பர் ஆன்டெனா. இந்த 2 மீட்டர் அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே செல்வதால், அத்தனை தொலைவு போவதற்குள் என் சிக்னல் இற்றுப்போயிருந்தது.

பொதுவாக நாங்கள், வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் என்ற தடுப்பை மூடியே வைத்திருப்போம். திறந்தால் சிக்னல் இல்லாத நேரமெல்லாம் இரைச்சல் காதைத் துளைக்கும். மூடினாலோ, என்னுடையதைப் போன்ற நலிந்த சிக்னல் வாசலிலேயே நின்றுவிடும். அண்ணாச்சி அன்று முழுவதும் அதைத் திறந்தே வைத்திருந்தார். அந்த ஓயாத இரைச்சல் நடுவில் ஒரு நொடி லேசாகத் தணிந்ததைக் கவனித்து, "யாரோ பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்துகிறீர்கள், பேச்சு புரியவில்லை. ஆம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை அழுத்துங்கள்" என்றார். ஒரு தடவை அழுத்தினேன். கை நடுங்கியது.

பிறகு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி நிறுத்தினார்; என் அழைப்புக்குறியின் (உரிமத்தோடு தரும் அடையாளக் குறியின்) எழுத்து வந்தபோதெல்லாம் அழுத்தினேன். என்றோ ஒரு மாலை ரிப்பீட்டரில் பேசியபோது தம் பதிவேட்டில் எழுதிவைத்திருந்த என் குறியைத் தேடியெடுத்து, என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். ஊரையும் தெருவையும் அப்படியே கேட்டறிந்தார். மாடியில் எத்தனை பேர் என்றார்; பதினொரு தடவை அழுத்தினேன். மருந்து வேண்டுமா? ஒன்று. இரத்த அழுத்தத்துக்கா? இரண்டு. சர்க்கரைக்கா? ஒன்று. இன்சுலினா? ஒன்று. அத்தைக்கு அன்றிரவுடன் மருந்து தீர்கிறது என்ற செய்தி, நான் ஒரு சொல்கூடப் பேசாமல் இப்படித்தான் வெளியே போய்ச் சேர்ந்தது.

பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் கருவியைத் திறக்கச் சொன்னார். இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் திறந்தபோதெல்லாம் அவர் இருந்தார். சொல்லப் புதிய செய்தி இல்லாத வேளையிலும் மணியைச் சொல்லி, "நான் இங்கேதான் இருக்கிறேன், தம்பி" என்பார். அத்தை கருவியின் அருகே முகத்தை வைத்துக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்துக்காகவே விழித்திருந்தார்கள். என் வாழ்நாளில் ஒரு மனிதக் குரல் அவ்வளவு வேண்டியதாக இருந்ததில்லை.

விடிந்ததும், ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் கம்பியை ஆன்டெனாவின் அடியிலுள்ள உலோக வளையத்தில் சுற்றிக் கீழே தொங்கவிடச் சொன்னார். துணி உலர்த்தும் கொடிக் கம்பியை வெட்டி, பிளாஸ்டிக் உறையை நுனியில் உரித்துக் கட்டினேன். மீண்டும் பேசியபோது "கேட்கிறது" என்றார். அதன்பின் சற்று நேரம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருந்தைப் படகில் கொண்டுவந்து மாடிக்கு நீட்டிய மீனவச் சகோதரர்கள், டிராக்டர் பேட்டரியில் என் கருவிக்கு மின்னேற்றித் தந்த பெரியவர், செய்தியை ஊர்விட்டு ஊர் கடத்தியும் தங்கள் பேச்சை நிறுத்தி அலைவரிசையை ஒழித்துத் தந்தும் உதவிய ஹாம் நண்பர்கள், பங்கிட்டுக் கஞ்சி ஊற்றிய பக்கத்து வீட்டார் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் கேட்காமல் விட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஹாம் சேவைக்குக் காசு வாங்கக் கூடாது என்ற விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. அண்ணாச்சிக்கு நான் எதைக் கொடுத்து ஈடு செய்ய முடியும்? ஆகவே ஒன்றை மட்டும் அவருக்கு வாக்காகத் தருகிறேன். இனி ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிமுதல் கால் மணி நேரம் ஸ்குவெல்ச்சைத் திறந்துவைத்துக் கேட்பேன். இன்றே தொடங்கிவிட்டேன். அத்தையும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த இரைச்சலைக் கடைசிவரை கேட்டார்கள்.

அண்ணாச்சிக்கு எங்கள் இருவரின் 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்து).