மண்டபத்துக்குக் ‘கடாரம்’ என்ற பெயரே போதும்

பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் மண்டபக் குழுவினருக்கு,

வணக்கம். புது மண்டபத்துக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பழைய பெயர் உங்கள் நினைவுக்கு வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் ‘வென்றவன்’ என்று பொருள்படும் அந்தக் ‘கொண்டான்’ மட்டும் வேண்டாம்.

கடாரம் என்பது நாம் குடியிருக்கும், மலேசியாவின் இந்தக் கெடாதான். வாய் அகன்ற பெரிய செப்புக் கொப்பரைக்கும் தமிழில் கடாரம் என்று பெயர். வடமொழி நூல்கள் இவ்வூரைக் கடாகம் என்றன. அதற்கும் கொப்பரை என்றே பொருள்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதியில், ‘தொடுகடற் காவற் கடுமுரண் கடாரம்’ என்று வருகிறது. ஆழ்கடலே காவலாக நின்ற, கடும் வலிமை கொண்ட கடாரம். 1025-இல் கடாரத்தின் மேல் அவன் நடத்திய படையெடுப்பைப் பாட வந்தவர், தோற்ற ஊரையும் இப்படி உயர்த்தித்தான் பாடியிருக்கிறார்! இங்குள்ள ஜெராய் மலையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அந்த வரி எனக்குள் ஓடும்.

அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த சரக்குகளில் ‘காழகத்து ஆக்கமும்’, அதாவது காழகத்திலிருந்து வந்த பொருள்களும், ஒன்று என்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அப்படிப் பார்த்தால், போருக்கு வெகுகாலம் முன்பே வணிகம் நம்மை இந்த ஊரோடு சேர்த்துவிட்டது. ராஜேந்திரனின் தந்தை காலத்தைப் பாருங்கள். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, ஏறக்குறைய 1006-இல், ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்?

சோழநாட்டில் கடாரங்கொண்டான் என்று ஊரே இருக்கிறது. வென்றவன் நாட்டில் அந்தப் பெயர் பொருந்தும். நாம் கடாரத்துக்காரர்கள். என் பாட்டி இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் பிழைக்க வந்தவர்; எந்த ஊரையும் பிடிக்க வந்தவர் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை ‘கொண்டான்’ என்றால் என்ன என்று கேட்டால், நம் பிள்ளை என்ன பதில் சொல்லும்? ‘கடாரம்’ என்று மட்டும் இருந்தால், ‘நம்ம ஊர்ப் பேரு’ என்று இருவரும் சேர்ந்தே சொல்லலாம்.

பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை கூட்டத்தில் பேசுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். அப்புறம், பலகையின் அடியில் அந்த மெய்க்கீர்த்தி வரிக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவன்