சிசி கேட்கிறோம், செயினைக் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால், மரம் அறுக்கும் மெஷின்கள் இத்தனை தயார் என்று உள்ளாட்சி அமைப்புகள் கணக்குச் சொல்லும் செய்தி உங்கள் நாளிதழில் தவறாமல் வரும். அந்த மெஷின்களில் என்ன செயின் மாட்டியிருக்கிறது என்பது எந்தக் கணக்கிலும் வராது. இன்ஜின் சுற்றத்தான் செய்யும். அறுக்கிற வேலை செயினுடையது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டபோதும், 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் குறுக்கே கிடந்தவை விறகுக் கிளைகள் இல்லை, கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். பருத்த மரத்துக்கும் விறகுக்கும் ஒரே செயினைப் போடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடையில் "எத்தனை சிசி?" என்று கேட்கிறோம், அடுத்து "எத்தனை இன்ச் பார்?" என்கிறோம், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின் அளவு. பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. செயினுக்கு மூன்று எண் உண்டு. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது பிட்ச். பாரின் காடிக்குள் ஓடுகிற அடிப்பல்லின் கனம் கேஜ். இரண்டும் அங்குலக் கணக்கு. அந்த அடிப்பற்கள், அதாவது ட்ரைவ் லிங்குகள், மொத்தம் எத்தனை என்பதுதான் செயினின் நீளம். 20 அங்குல பாருக்கு 3/8 பிட்சில் பெரும்பாலும் 72 லிங்க் வரும். அதே 20 அங்குலத்துக்கு .325 பிட்சில் மெஷினைப் பொறுத்து 76, 78, 80 என்று மாறும். ஆகவே "இருபது இன்ச் செயின் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவது, கால் அளவு சொல்லாமல் செருப்பு வாங்குகிற கதைதான்.

எண் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? .050 கேஜ் செயினை .058 காடியில் ஓட்டினால் செயின் ஒருபக்கம் சாயும், அறுப்பு நேராக இறங்காமல் வாழைப்பழம்போல் வளையும். .058 செயின் .050 காடிக்குள் நுழையவே நுழையாது. அந்த வகையில் அது நல்லது. மோசமானது பிட்ச் மாறுவது. செயினை இழுத்து ஓட்டுகிற பற்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட்; .325க்கான ஸ்ப்ராக்கெட்டில் 3/8 செயினைப் போட்டு இழுத்தால் அடிப்பற்கள் தேய்ந்து கூர்மை கட்டிவிடும், பிறகு சரியான ஸ்ப்ராக்கெட்டுக்கு மாற்றினாலும் அந்தச் செயின் உதவாது. இன்னொரு பொறி: 3/8 என்ற பெயரிலேயே சிறு மெஷின்களுக்கான லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த செயினும் இருக்கிறது. பிட்ச் ஒன்றுதான், உடம்பு வேறு. பெரிய மெஷினில் அதை மாட்டினால் பருத்த மரத்தில் அறுந்து போகவும் வாய்ப்புண்டு.

இனி பல். பருத்த மரத்துக்கு வாங்குபவர் மனசில் நிறுத்த வேண்டிய இரண்டு வகை ஃபுல் சிசலும் செமி சிசலும். ஃபுல் சிசலில் பல்லின் மேல்மூலை சதுரமாக, கூராக நிற்கும். பச்சையாக, சுத்தமாக இருக்கும் மரத்தில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. தைலமரமும் சில்வர் ஓக்கும் மண் படாமல் தோட்டத்திலேயே அறுபடும்போது அதைத்தான் போட வேண்டும். ஆனால் அந்த வேகம் முழுக்க அந்த ஒற்றை மூலையில் இருக்கிறது. மூலை ஒருமுறை மண்ணைத் தொட்டால் அத்தோடு சரி, மெஷின் அலறும், மரம் இறங்காது. செமி சிசலில் மூலை உருண்டிருக்கும். சுத்தமான மரத்தில் சற்று மெதுவாகத்தான் போகும், ஆனால் தூசி, மண், காய்ந்த கட்டை, வைரம் பாய்ந்த கட்டை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நெடுநேரம் கூர் நிற்கும்.

நம் சாலையோரத்துப் புளியை நினைத்துப் பாருங்கள். வெளியே வெளுத்த கட்டை, நடுவே இரும்புபோல் கறுத்த வைரம், கவையிலும் பொந்திலும் கறையான் ஏற்றி வைத்த மண். போதாததற்குக் கண் உயரத்தில் டியூஷன் சென்டர் பலகை அடித்த ஆணிகள்; பலகை போய்விடும், ஆணியை மரம் விழுங்கிக்கொண்டு நிற்கும். இந்த மரத்துக்கு ஃபுல் சிசல் போடுவது பணத்தைக் கரைக்கிற வேலை. சீமைக்கருவேலமும் அப்படித்தான்: கட்டை கெட்டி, அறுக்கிற இடம் தரையை ஒட்டி. தென்னை வேறு ஜாதி. அதில் வெளிப்புறம்தான் கெட்டி, உள்ளே நார். கட்டையிலேயே சிலிக்கா இருப்பதால் சேறு படாத தென்னைகூடப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். நார் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் சுருண்டு அடைத்துக்கொள்ளும். நாலைந்து மரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் கிளட்ச் சூடேறி, ஆயில் வரும் துளையும் அடைபடும். புளி, சீமைக்கருவேலம், தென்னை மூன்றுக்கும் செமி சிசல் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கார்பைடு முனை வைத்த செயின் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணுக்கு அது அசையாது, உண்மை. ஆனால் ஆணியில் பட்டால் முனை தெறிக்கும், சாதாரண அரம் அதில் ஏறாது, வைரத்தூள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும். மீட்புப் படைக்குச் சரி, ஊராட்சிக்கு வேண்டாம்.

பருத்த மரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது; அது பல்லுக்குப் பல் இடைவெளி. வழக்கமான செயினில் இரண்டு ட்ரைவ் லிங்குக்கு ஒரு வெட்டும் பல். 72 லிங்க் செயினில் 36 பல், இடது 18, வலது 18. 3/8 பிட்சில் பல்லுக்குப் பல் சுமார் 38 மி.மீ. தூரம். 60 செ.மீ. விட்டமுள்ள கட்டைக்குள் 24 அங்குல பார் முழுக்க இறங்கியிருக்கும்போது 15, 16 பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் தான் சீவியதைத் தன் முன்னாலுள்ள இடுக்கிலேயே சுமந்துகொண்டு மறுபக்கம் வந்துதான் கொட்ட முடியும். மரம் பருக்கப் பருக்க அந்த இடுக்கு பாதி வழியிலேயே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய பல் சீவாது, உராயும். இன்ஜின் சுற்று விழுவது இதனால்தான். பலரும் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துத் திருகாணியைத் திருகுகிறார்கள்.

இதற்கு மருந்து ஃபுல் ஸ்கிப் செயின். மூன்று லிங்குக்கு ஒரு பல். 24 அங்குல பாருக்கான 84 லிங்க் செயினில் 42 பல்லுக்குப் பதில் 28 மட்டும். அதே 60 செ.மீ. கட்டைக்குள் 10 பல்தான் இருக்கும், சீவல் கொட்ட இடம் தாராளம், இன்ஜினுக்குச் சுமை குறைவு, அரம் போட வேண்டிய பல்லும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் இதே செயினைச் சிறு கிளைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிளை இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டிக் குதிக்கும், உதறும். 24 அங்குலத்துக்குக் குறைந்த பாருக்கு ஸ்கிப் தேவையே இல்லை என்பது என் கருத்து.

இன்னும் பெரிய பிட்ச் .404 என்று ஒன்று உண்டு. 90 சிசிக்கு மேற்பட்ட மெஷின், மிக நீண்ட பார் என்று போகிறவர்களுக்கு அது. 60 சிசி மெஷினில் அதை மாட்ட நினைப்பது மொபெட்டில் லாரி டயர் மாட்டுவது போல.

நம் சந்தையில் அதிகம் புழங்கும் 58 சிசி மெஷின்கள் 22 அங்குல பாரோடு வருகின்றன: .325 பிட்ச், .058 கேஜ், 86 லிங்க். விளம்பரத்துக்கு நீளமான பார் அழகு. வைரம் பாய்ந்த புளியில் அந்த 22 அங்குலத்தையும் முழுக்க இறக்கினால் அந்த இன்ஜின் திணறும். அதே மெஷினுக்குப் பொருந்தும் 18 அங்குல பாரும் அதற்கேற்ற செமி சிசல் செயினும் போட்டு, கட்டையை இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் 80 செ.மீ. வரை சமாளிக்கலாம், வேலையும் சீக்கிரம் முடியும். நீளம் குறைந்தால் ஆயிலும் முனைவரை ஒழுங்காகப் போய்ச் சேரும்.

விழுந்த மரத்தைப் பலகையாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்கு அறுப்புச் செயினில் பல்லின் மேல்விளிம்பு 30 டிகிரி சாய்ந்திருக்கும். நெடுக்கு அறுப்புக்கு அது ஒத்துவராது. பலகை வரிவரியாகக் கீறிக்கொண்டு வரும், இன்ஜின் கொதிக்கும். நெடுக்கு அறுப்புக்கென்றே வரும் ரிப்பிங் செயினில் அந்தச் சாய்வு 10 டிகிரிதான். பழைய செயினையே கொஞ்சம் கொஞ்சமாக 10 டிகிரிக்கு அரம் போட்டு மாற்றிக்கொள்ளவும் முடியும். கட்டையின் தலைப்பிலிருந்து நெடுக்காக அறுக்கும்போது கூரான செயினிலும் மாவுபோல் தூள் வரும், பயப்பட வேண்டாம். குறுக்கு அறுப்பில் அப்படி மாவு வந்தால் மட்டும் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள். கூர் இருந்தால் சீவல் சீவலாகக் கொட்டும்.

எந்தச் செயின் வாங்கினாலும் அரம் தெரியாவிட்டால் வீண். .325க்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8க்குத் தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ள மட்டும் செய்யணும், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடணும். இருப்பதிலேயே குட்டையான பல்லில் தொடங்கி மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டு வருவதுதான் முறை. வலது கைக்காரர் ஒருபக்கப் பற்களை அழுத்தித் தேய்த்து, மறுபக்கத்தை மேலோட்டமாக விடுவார். விளைவு, அறுப்பு ஒருபக்கமாக இழுக்கும். வெட்டும் விளிம்பு என்பது மேல்தகட்டின் குரோம் பூச்சுதான். மண்ணில் பட்டு அது உரிந்திருந்தால் உரிந்த இடம் முழுதும் போகும்வரை அரம் போட வேண்டும், பளபளப்பு வந்ததும் நிறுத்தக் கூடாது.

பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று வரம்பு கட்ட, பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, டெப்த் கேஜ், அதில்தான் கை வைத்துக் கெடுக்கிறார்கள். .325க்கும் 3/8க்கும் அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். மூன்று நான்கு தடவை அரம் போட்டபின் அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் இரண்டு இழுப்பு. "வேகமா அறுக்கும்" என்று கிரைண்டரில் அதை வழித்து எடுத்துவிடுகிற பட்டறைகள் உண்டு. அந்தச் செயின் மரத்தை அறுக்காது, கவ்வும். பார் முனையின் மேல்பாதி எங்காவது தொட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறும். கிரைண்டரில் பல் நீலம் பாயும்வரை சாணை பிடிப்பதும் கூடாது. அந்த இடம் கண்ணாடிபோல் இறுகி, அடுத்த முறை அரம் வழுக்கும்.

ஆயிலுக்கு வண்டியில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவது இன்னும் நிற்கவில்லை. அதில் உலோகத் துகள் இருக்கிறது, செயினில் ஒட்டி நிற்கும் பசையும் இல்லை; சுழற்சியில் தெறித்து அறுப்பவர் உடம்பில்தான் படிகிறது, தோலுக்குக் கேடு. ஆயில் வருகிறதா என்று அறிய, பார் முனையைக் காய்ந்த கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள், கோடாகத் தெறிக்கணும். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்துங்கள். சூட்டில் நீண்டிருந்தபோது இறுக்கியது ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும். இரண்டு மூன்று செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். பள்ளம் விழுந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினை ஒரே வாரத்தில் பழசாக்கிவிடும்.

உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுக் கொள்முதல் குறிப்பில் "செயின்சா, 1 எண்" என்பதோடு நிறுத்தாமல் இப்படி எழுதுங்கள்: 60 சிசி மெஷின், 20 அங்குல பார், செயின் 3/8 பிட்ச், .050 கேஜ், 72 லிங்க், செமி சிசல், மெஷினுக்கு மூன்று. உருண்டை அரம் ஆறு, தட்டை அரம் ஒன்று, டெப்த் கேஜ் அளவுத் தகடு ஒன்று, செயின் ஆயில் 5 லிட்டர். ஏற்கெனவே இருக்கும் மெஷின் என்றால் பாரின் அடிப்பகுதியில் பிட்சும் கேஜும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். பொறிப்பு தேய்ந்திருந்தால் பழைய செயினையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், லிங்கை அங்கேயே எண்ணிவிடலாம். செப்டம்பருக்குள் வாங்கினால் விருப்பப்பட்டது கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்தபின் போனால் கடையில் மிச்சமிருப்பதைத்தான் தருவார்கள்.

இப்படிக்கு,
மரம் அறுப்பு மெஷின் பட்டறைக்காரர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.