சதுப்புச் சேற்றில் இருக்கும் தீயின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுத்தீ பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையில், மூணாறு மலைகளின் புல்மேடுகள் எல்லாம் மனிதன் சோலைக்காட்டை எரித்து உண்டாக்கியவை என்று ஒரு வரி இருந்தது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதைத் தீர்த்துச் சொல்லக்கூடிய சாட்சி மலைமடிப்புச் சதுப்புகளில் கிடக்கிறது.

நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் புல்லும் இலையும் முழுதாக மக்காமல் படிந்து, பீட் எனப்படும் கருஞ்சேறாகின்றன. சுற்றுப்புறம் எரியும்போது கரித்துகள்களும் காற்றிலும் மழைநீரிலும் வந்து அந்தந்தக் காலத்துப் படிவோடு சேர்ந்துவிடுகின்றன. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. ஆய்வாளர்கள் குழாயை இறக்கிச் சேற்றைத் தூணாக எடுத்து, மெல்லிய துண்டுகளாக அரிந்து, சல்லடையில் அலசி, உருப்பெருக்கியின் கீழ்க் கரியை எண்ணுகிறார்கள். பெரிய துண்டுகள் பெரும்பாலும் பக்கத்தில் எரிந்த தீயைக் காட்டும். பொடித்துகள் தொலைவிலிருந்தும் பறந்து வந்திருக்கலாம். நீண்டு மெலிந்தவை பெரும்பாலும் புல்லின் கரி. மரக்கரியிலோ மரத்தின் நீர்க்குழாய்கள் எரிந்த பின்னும் அப்படியே தெரியும். காலத்தை, படிவில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளக்கும் ரேடியோகார்பன் முறையில் சுமார் 50,000 ஆண்டுகள் வரை கணிக்கலாம்.

தீ மிகுந்தது வறட்சியாலா, மனிதக் கையாலா என்பதைக் கரி மட்டும் சொல்லிவிடாது. அதே படிவின் மகரந்தத்தையும் கார்பன் ஐசோடோப்பையும் (எடையில் சற்றே வேறுபடும் கார்பன் அணுவகைகளின் விகிதம்; அங்கே எவ்வகைச் செடிகள் வளர்ந்தன என்று காட்டும்) சேர்த்தே படிக்க வேண்டும். எங்கள் மலைகளைப் போலவே சோலையும் புல்மேடும் கலந்த நீலகிரியின் சதுப்புகளை ஆராய்ந்து இரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஐசோடோப்பு ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்து பருவமழை குன்றிய காலத்தில், வறட்சி தாங்கும் புல்லினங்கள் அங்கே ஓங்கியிருந்ததைக் காட்டியது. தேயிலைக்கும் உழவுக்கும் வெகுகாலம் முந்திய புல் அது. ஆகவே கட்டுரையின் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பிற்காலத் தீயில் மனிதனின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் புல்மேட்டைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே எரிக்கும் வழக்கம் உண்டு. அது எவ்வளவு பழைமையானது என்பதற்கும் இந்தச் சேற்றில்தான் விடை தேட வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் லயத்துக்குக் கீழிருந்த சதுப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிய பக்கத்தில், இடுப்புயரக் கருஞ்சேற்றின் நடுவே, விரல் கனத்தில் இன்னும் கறுத்த ஒரு கோடு ஓடியது. கிள்ளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். சேறு வழுக்கிப் போக, சீரகம் அளவுக் கரித்துண்டுகள் நறநறவென்று கையில் நின்றன. அடுத்த கோடையில் அந்தப் பக்கம் வெடித்துச் சரிந்தது. காய்ந்த சேற்றில் காற்றுப் புகுந்தால் அதுவரை மக்காதிருந்தவை மக்கி, அடுக்குகள் குலைந்துவிடும். கரி மிஞ்சும், அதன் காலத்தையும் கணிக்கலாம், ஆனால் அது எந்த அடுக்கில், எந்த மகரந்தத்தோடு கிடந்தது என்பது தெரியாமல் போய்விடும். அந்தக் கோட்டை அதன் அடுக்கோடு சேர்த்து இனி யாரும் படிக்க முடியாது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேல்பள்ளத்தில் இன்னொரு சதுப்பு ஈரமாகவே இருக்கிறது. அதிலும் அளந்து கல் நட்டிருக்கிறார்கள். வாய்க்காலை நாற்பது அடி தள்ளி வெட்டினால் சதுப்பு தப்பிக்கும். அது இயலாதென்றால், மண்வெட்டி இறங்கும் முன் ஒரு குழாயளவுச் சேற்றையாவது எடுத்து வைக்குமாறு ஊராட்சியையும் ஆய்வு நிறுவனங்களையும் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பருவமழை ஓய்ந்ததும் வேலை தொடங்கவிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், மூணாறு.