ஹெல்பர் சம்பளத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏஐ வந்தாலும் போகாத ஆரம்பநிலை வேலைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எலக்ட்ரீஷியன், பிளம்பர், நர்ஸ் எல்லாம் சரிதான். ஆனால் ஏஐ பறிக்காத வேலை நிலைத்து நிற்கும் என்று எழுதியிருப்பதை காவிரி டெல்டாக்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதிர் அறுக்கும் வேலையை எந்த ஏஐயும் பறிக்கவில்லை, அறுவடை மெஷின் வந்ததுமே அரிவாள் எறவாணத்துக்குப் போய்விட்டது.

அதே வயலில் போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் திறக்காவிட்டாலும், போர் வைத்திருப்பவர்கள் போர்த் தண்ணீரை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் கரண்டில் ஒரு பேஸ் வரவில்லையா, கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிட்டதா, மணல் பிடித்துப் பம்ப் இறுகிவிட்டதா, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயிலே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் போனில் கேட்டால் ஏஐயே சொல்கிறது, என் அண்ணன் மகன் கேட்டுக் காட்டினான், தப்பில்லை. அப்புறம்? சேற்றில் முக்காலி நட்டு, எடை தூக்கும் செயின் பிளாக் மாட்டி, கிளாம்ப் போட்டு நிறுத்தி ஒவ்வொரு குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே கொண்டுவர ஆள்தானே வேண்டும். கிளாம்ப் கொஞ்சம் நழுவினால் குழாய், மோட்டார் எல்லாம் போருக்குள்ளேயே போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மின்கம்பங்களை நட, வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்ததை நாங்கள் மறக்கவில்லை.

எந்த வேலை போகும், எது போகாது என்று பட்டியல் போடுவதே வம்புதான். ஏஐ ஆராய்ச்சிக்காக 2024-ல் நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹிண்டனே, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு இனிமேல் பயிற்சி கொடுப்பதை நிறுத்தலாம் என்று 2016-ல் சொன்னவர். அந்த டாக்டர்களுக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை.

கட்டுரையில் விட்டுப்போனது ஹெல்பர் சம்பளம். எட்டாவது படித்தவர் வயர்மேன், பத்தாவது படித்தவர் எலக்ட்ரீஷியன் என்று ஐடிஐயில் சேரலாம், ரெண்டுமே ரெண்டு வருஷம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. அதுவரை பரவாயில்லை. முடித்துவிட்டு ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேரும் பையனுக்குக் கிடைப்பது டீக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போகிறது. மேஸ்திரி மனசு வைத்தால்தான் காயில் கட்டவே விடுவார், அதுவரை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கையில் தொழில் ஏறுவதற்குள் பையன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுகிறான். ஏஐயால் போகாத வேலை இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த ஐடிஐ சேர்க்கைக்கு முன்னால் உங்கள் நிருபரை டெல்டா ஊர்ப் பட்டறைகளுக்கு அனுப்பி, ஹெல்பருக்கு முதல் வருஷம் என்ன கொடுக்கிறார்கள், எப்போது தனியாக வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரித்துப் போடுங்கள். பிள்ளையை எதில் சேர்ப்பது என்று பெற்றவர்கள் அதைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்வார்கள்.

வாசகர்,
நீடாமங்கலம்