நிம்மதியாக உறங்கலாமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குழந்தைகளுக்கான வீட்டு வெண்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) பற்றி வந்த கட்டுரை, 'கருவி வீட்டுக்கே வந்துவிட்டது. இனி பெற்றோர் நிம்மதியாக உறங்கலாம்' என்று முடிந்திருந்தது. கண்ணயர்ந்தால் மூச்சுவிடும்படி மூளை ஆணையிடாத பிறவிக் குறைபாட்டோடு வளரும் ஆறு வயது மகனின் தாயான நான், அந்த வரியை விடியற்காலை மூன்று மணிக்கு, சளி உறிஞ்சும் சக்ஷன் கருவியின் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து படித்தேன்.

தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியாக வீட்டில் செயற்கைச் சுவாசம் பெறும் குழந்தையின் அருகே, பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2016-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருப்பது தாங்கள் அறியாததல்ல. குடும்பத்தில் குறைந்தது இருவருக்குப் பயிற்சி வேண்டும் என்றும் அது சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த இருவர் நானும், விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டிய என் கணவரும்தான். எங்களில் யார் நிம்மதியாக உறங்குவது என்பதைக் கட்டுரையாளரே முடிவு செய்து சொல்லட்டும்.

அலாரம் இருக்கிறதே, குழாய் கழன்று அழுத்தம் குறைந்தால் அடிக்குமே என்பார்கள். ஆனால் குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய குழாய் கழுத்திலிருந்து முழுதாக வெளியே வந்து கிடந்தாலும், அதன் குறுகிய துவாரமே காற்றைத் தடுத்து, அழுத்தம் குறையாததுபோலக் கருவியை ஏமாற்றிவிடக்கூடும். ஒரு நள்ளிரவில் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. வெண்டிலேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மகனின் விரலில் மாட்டியிருந்த, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர்தான் கத்தியது. அதே அளவிலான புதுக் குழாய் உள்ளே போக மறுத்தது. தலைமாட்டில் தயாராக வைத்திருந்த, ஓர் அளவு சிறிய குழாய்தான் போயிற்று. மருத்துவமனையில் இதை எனக்குப் பொம்மையின் மேல் கற்றுக்கொடுத்தார்கள். பொம்மை நீலம் பாரிப்பதில்லை.

'எப்போது கழற்றுவார்கள்?' என்று, மாவுக்கட்டைக் கேட்பதுபோல் கேட்கும் உறவினர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் இப்படியொரு குழந்தையின் படத்துக்கு 'இயந்திரத்தின் பிடியில் பிஞ்சு' என்று தலைப்பிட்டபோதும் எழுதினேன். பக்கப் பற்றாக்குறை போலும். என் மகன் படுக்கப் போகும்போது வெண்டிலேட்டர் குழாயைத் தானே எடுத்து என்னிடம் நீட்டுகிறவன். பிடி யாரிடம் இருக்கிறது?

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் கையால் பையை அழுத்தி அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அவர்களுக்குக்கூட முறை மாற்ற ஆள் இருந்தது.

அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, 'பயிற்சி பெற்ற மாற்றாள் இருந்தால்' என்று சேர்த்தால் போதும். இம்முறையேனும் பக்கத்தில் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி