படைவீரரின் மனநலக் கோப்பும் அவரோடு ஊர் வந்து சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வீட்டுமனைப் பட்டா, ஓய்வூதிய நிலுவை, வரப்புத் தகராறு என்று வழக்கமான மனுக்கள். எல்லாம் நியாயமானவைதான். ஆனால் எங்கள் ஆட்களில் சிலரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி அங்கே எவரும் மனு கொடுப்பதில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டன்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் ஒரு பகுதி மனநல வார்டில் கழிந்தது. ஒரு சிப்பாய்க்கு மனநோய் என்று சந்தேகம் வந்துவிட்டால் ராணுவம் எதையும் எழுதாமல் விடாது. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் அவருடைய நடத்தை பற்றித் தனிப் படிவத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். இரவு எப்போது தூங்கினார், தட்டில் எவ்வளவு மீதம் வைத்தார், வீட்டிலிருந்து போன் வந்த பிறகு எப்படி இருந்தார் என்பதையெல்லாம் நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். ‘ஷேப்’ என்னும் மருத்துவத் தகுதி முறையில் முதல் எழுத்தே மனநலத்துக்கு உரியது. அதில் தரம் இறங்கியவரின் கையில் ஆயுதம் கொடுக்கலாமா என்பது வரை மருத்துவ வாரியம் எழுத்தில் சொல்லும்.

இத்தனை அக்கறையும் அவர் ஓய்வு பெறும் நாளோடு அறுந்துபோகிறது. வாரியத்தின் ஆவணங்கள் ரெக்கார்டு ஆபீசுக்குப் போகின்றன, கேஸ் ஷீட் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது. அவர் ஊர் வந்து, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கில் அட்டையை நீட்டும்போது எதிரே இருக்கும் மருத்துவருக்கு அவர் புது நோயாளி. அங்கே பெரும்பாலும் மனநல மருத்துவரும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர் அப்படித்தான் ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் வரவில்லை என்று சொன்னதாக அவருடைய சீட்டில் ஒரு வரி இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தரும்படி அவர் மனைவி என்னிடம் வந்தார். கருப்பு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த பாலிதீன் பையைக் கொடுத்து, எந்தக் காகிதம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கும் கேண்டீன் ரசீதுகளுக்கும் நடுவே நான்காக மடித்த ஒரு மருத்துவச் சுருக்கம் இருந்தது. காஷ்மீர்ப் பணிக்குப் பிறகு மனச்சோர்வு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருக்கிறது, தொடர் சிகிச்சை தேவை, குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், தட்டச்சில். அந்தம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் கணவரும் சொல்லவில்லை. பாலிகிளினிக் மருத்துவர் கண்ணில் அந்தக் காகிதம் பட்டிருந்தால் தூக்கம் வரவில்லை என்ற சொல்லை அவர் வேறு விதமாகக் கேட்டிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் ஏன் மறைத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஜவான்கள் நாற்பது வயதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறோம். அடுத்த பிழைப்பு வங்கிக் காவலர் வேலை. அதற்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும். மனநல வார்டில் இருந்தவர் என்று தெரிந்தால் யார் கொடுப்பார்கள்? மகளுக்கு வரன் பார்க்கும் இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் என்ன ஆகும்? ஓய்வு பெறும்போது நடக்கும் மருத்துவ வாரியத்தில் “எல்லாம் சரியாக இருக்கிறது, சாப்” என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஆகவே கோப்பைத் திறந்து எல்லார் கையிலும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரியத்தின்போதே அவரிடம், அவர் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதன்பின் கோப்பு அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு மட்டும் போகட்டும். வேலை கொடுப்பவருக்கோ, நல அலுவலகத்துக்கோ, காவல் நிலையத்துக்கோ அதில் ஓர் எழுத்துகூடப் போகக் கூடாது. யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்பது பதிவாக வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தடையாக இல்லை. அதன் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. சிகிச்சைக்காக இன்னொரு மனநல வல்லுநருக்குத் தகவல் தருவதை அதே பிரிவு அனுமதிக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை தன் மருத்துவப் பதிவுகளை அலசி, ஆபத்து அதிகமுள்ளவர்களை முன்கூட்டியே கண்டறிந்து தொடர்புகொள்ளும் முறையை 2017 முதல் நடத்துகிறது. நம் நாட்டிலோ தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அறிக்கையில் முன்னாள் படைவீரர் என்று ஒரு தனி வரிசைகூட இல்லை. எண்ணிக்கையே தெரியாத இழப்புக்கு எந்த அமைச்சகம் பணம் ஒதுக்கும்?

படைக்கு நான்கு ஆண்டுக் காலத்துக்கு ஆள் எடுக்க 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டம் இதை இன்னும் அவசரமாக்குகிறது. அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் நான்கே ஆண்டுகளில், இருபதுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. அவர்களுடைய மனநலக் கோப்பு எந்த மருத்துவரிடம் போய்ச் சேரும்? மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைத்தால் ஒழிய அதற்கு முகவரியே கிடையாது. பாதுகாப்பு அமைச்சகமும் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையும் உட்கார்ந்து பேசினால் முடியக்கூடிய காரியம் இது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை குடும்பத்தாருக்கு ஒன்று சொல்கிறேன். மனநலச் சிகிச்சை பெற்ற படைவீரருக்குத் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. அவரைக் கேட்கவையுங்கள். வந்ததைத் தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள். பேச்சில் விரக்தி தெரிந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுபேதார், ராணுவ மருத்துவப் படை,
வேலூர் மாவட்டம்