புறப்படுவதற்கு முந்தின மாலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பயணம் புறப்படுவோருக்கான ஆயத்தங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்து, காலணி, பயண ஆவணங்கள், நடந்து பழகுதல் என அனைத்தையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், செபத்தைப் பற்றி மட்டும் 'பயணம் நலமாக அமையவும் உலக அமைதிக்காகவும் வேண்டிக்கொள்வது நல்லது' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பல ஆண்டுகளாகத் திருப்பயணிகளை அழைத்துச் சென்று வரும் அருள்பணியாளன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றியே எழுதத் தோன்றுகிறது.

விவிலியத்தில் 120 முதல் 134 வரையுள்ள 15 திருப்பாடல்கள், எருசலேமுக்கு ஏறிச் சென்ற பயணிகளின் பாடல்களாகக் கருதப்படுபவை. அவற்றுள் முதலாவது, மலையையோ கோவிலையோ பற்றிப் பேசாமல், பொய் பேசும் நாவுகளைப் பற்றியும், தான் சமாதானம் பேசினாலும் சண்டையையே விரும்பும் மனிதர்கள் நடுவே குடியிருக்க நேர்ந்ததைப் பற்றியும் முறையிடுகிறது. எருசலேமின் சமாதானத்துக்காக மன்றாடச் சொல்லும் 122ஆம் திருப்பாடல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வீட்டுவாசலில் கிடக்கும் சண்டையைச் சொல்லிவிட்டே நகரத்தின் சமாதானத்துக்கு வருகிற இந்த வரிசை, எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

திருப்பயணம் என்பதே அமைதிப் பயணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1095இல் பிரான்சின் கிளேர்மோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் சண்டையிடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே சங்கத்தில்தான் திருத்தந்தை இரண்டாம் உர்பான் எருசலேமை நோக்கி ஆயுதம் ஏந்திப் புறப்படுமாறு அழைத்தார். அந்தச் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் தங்களைத் திருப்பயணிகள் என்றே எண்ணிக்கொண்டார்கள். உள்ளூருக்குச் சமாதானமும் வெளியூருக்கு வாளுமாக ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், பீடத்தின் முன் நின்று நான் சொல்லும் மன்றாட்டுச் சொற்களின் மேல் எனக்கே சற்று ஐயம் எழுவதுண்டு. நேர்மாறாக, 1986 அக்டோபர் 27 அன்று இத்தாலியின் அசிசி நகரில் பல சமயத் தலைவர்களை ஒன்றுகூட்டிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இறைவனிடம் அமைதியைக் கேட்டதோடு நில்லாமல், அந்த ஒரு நாளாவது ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று போரிடும் தரப்பினரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். மனிதரிடம் கேட்க வேண்டியதை இறைவன் தலையில் மட்டும் போட்டுவிட்டு வராத மன்றாட்டு அது.

சென்ற முறை புறப்படுவதற்கு முந்தின மாலை, மன்றாட்டுக் கருத்துகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டிருந்தேன். பெரும்பாலான சீட்டுகளில் போர் நடக்கும் தொலைதூர நாடுகளின் பெயர்களே இருந்தன. அது தவறன்று, அந்த மக்களுக்காக வேண்டத்தான் வேண்டும். ஒரே ஒரு சீட்டில் ஒரு மனிதரின் பெயரை எழுதி, அழுத்தமாக அடித்துவிட்டு, அதன் கீழே மறுபடியும் அதே பெயரை எழுதியிருந்தார்கள். அதை நான் உரக்கப் படிக்கவில்லை. மடித்துத் திருப்பலி நூலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற மத்தேயு நற்செய்தியின் அறிவுரையை (5:23-24) நான் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். ஆனால் 'அவர்மீது உனக்கு மனத்தாங்கல் இருந்தால்' என்று அங்கே சொல்லப்படவில்லை. அவருக்கு உன்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால் என்றே இருக்கிறது. நியாயம் யார் பக்கம் என்ற விசாரணைக்கே இடமில்லை. அன்றிரவு அந்தச் சீட்டை எடுத்துவைக்கும்போது, என்னோடு முன்பு பணியாற்றிய ஒருவரின் நினைவு வந்தது. எங்களுக்குள் 2 ஆண்டுகளாகப் பேச்சில்லை. குற்றம் அவருடையது என்பதே அதுவரை என் கணக்கு. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை, சமாதானத்துக்கான மன்றாட்டை நான்தான் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. வழக்கமாக மனப்பாடமாக வரும் அந்தச் செபத்தில் இரண்டு இடங்களில் தடுமாறினேன்.

தங்கள் கட்டுரையாளர் கொடுத்திருக்கும் ஆயத்தப் பட்டியலை மறுமுறை வெளியிட நேர்ந்தால், மருந்துக்கும் காலணிக்கும் முன்பாக, புறப்படுவதற்குள் சந்திக்க வேண்டிய ஒருவரின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு விடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான ஓர் அருள்பணியாளர்